பினோராவின் வரைபட அறை

கார்மல் வெல்லா கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய அப்பா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. மால்டாவிலிருந்து கப்பலேறி வந்து, பிறர் வயலில் கரும்பு வெட்டி, கடைசியில் சொந்த நிலம் பிடித்தவர் அவர். சர்க்கரை ஆலை அலுவலகத்தில் மகளுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். மகளோ பதினெட்டு வயதில் ஊர் நிர்வாகமான பினோரா ஷயர் கவுன்சிலின் வரைபட அறைக்குள் நுழைந்து, பொறியாளர்கள் பென்சிலில் போட்ட கோடுகளின் மேல் மை இழுக்கும் வேலையை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

நாலாம் நாள் அப்பா வாயைத் திறந்தார். "எவனோ போட்ட கோட்டு மேல கோடு போடத்தான் உன்ன படிக்க வெச்சனா?"

"கொஞ்ச நாள் பொறுங்கப்பா. அப்புறம் அந்தக் கோடே நான்தான் போடுவேன்."

கொஞ்ச நாள் என்றது ஒன்பது வருடமாக நீண்டது. தபால் வழியில் படித்துப் பட்டயம் வாங்கினாள். இடையில் ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டும் கிளைவைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பெண்களைப் பெற்றாள். மைப் பேனா போய் கணினி வந்தது. 2016இல் அவளுக்கு ஐம்பத்தொரு வயது. வரைபட அறைக்கு அவள்தான் தலைமை. அவளையும் சேர்த்து அங்கே ஐந்து பேர்.

பினோராவில் சாலை போடுவது பெரிய வித்தையில்லை, தண்ணீரை அனுப்புவதுதான் வித்தை. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான கரும்பு நிலம். அரை அடி மேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து யார் வயல் மூழ்கும் என்பது முடிவாகும். பிப்ரவரியில் ஒரே வாரத்தில் கொட்டுகிற மழை, சாலைக்கு அடியில் தண்ணீரை விடும் சிறுபாலத்தின் வாய் ஒரு முழம் குறைந்தாலும் சாலையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த வாய்களின் அளவை முடிவு செய்வதுதான் கார்மலின் அறை செய்த வேலை.

அளந்து கொண்டுவந்து கொடுப்பவன் சர்வேயர் வெஸ் டானா. கரும்பு வெட்டவென்று தீவுகளிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப்பேரன். ஆறடி உயரம், வாயில் எப்போதும் ஒரு கிண்டல். இருபத்திரண்டு வருடமாக அவன் அளப்பதும் இவள் வரைவதுமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம்தான் நகரத்திலிருந்து புதிய தலைமை நிர்வாக அதிகாரி வந்தார். பெயர் டெஸ்மண்ட் லைல். கெட்ட மனிதர் இல்லை. காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார், குப்பை வண்டி ஓட்டுநரின் பெயர்கூட அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு கவுன்சிலைச் சீர்படுத்துவதென்றால் வெளியிலிருந்து ஆலோசகர்களைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் பழகிய வழி. கூப்பிட்டார். பிரிஸ்பேனிலிருந்து இருவர் வந்து நான்கு நாள் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கார்மலைக் கேட்டார். "வாரத்துக்கு எத்தனை வரைபடம் முடிப்பீங்க?"

"சில வாரம் நாலு. சில வாரம் ஒண்ணுகூட இருக்காது."

"ஒண்ணுமே இல்லாத வாரம் என்ன செய்வீங்க?"

"மழை பெய்யும்ல, அப்போ போய் நிப்போம். தண்ணி எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு பாப்போம்."

அவர் எதையோ தட்டெழுதிக்கொண்டார். ஆறு வாரம் கழித்து வந்த அறிக்கையில் அந்த நிற்பதும் பார்ப்பதும் 'பயன் கணக்கிட இயலாத நேரம்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. வரைபட அறையை மூடிவிட்டு, வேண்டும்போது வெளி நிறுவனங்களிடம் வேலை வாங்கினால் போதும் என்று அறிக்கை சொன்னது. கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள். நாலு பேருக்கு ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. கார்மலுக்கு மட்டும் ஒரு புதிய பதவி தருவதாகச் சொன்னார்கள். வெளி நிறுவனங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் அனுப்புவதைச் சரிபார்த்து வாங்கும் ஒருங்கிணைப்பாளர் பதவி.

அவள் ஒத்துக்கொண்டாள். ஊரில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. கடைசி நாளன்று வெஸ் தன் மேசையைக் காலி செய்துகொண்டே சொன்னான்.

"பரவால்ல பாஸ். கப்பல் முங்கும்போது கேப்டனுக்கு மட்டும் ஒரு படகு கெடைச்சுருச்சு."

கார்மலுக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் நிதானமாகப் பதில் சொன்னாள். "நானும் போயிட்டா, அவங்க அனுப்புற வரைபடம் தப்புன்னு சொல்லக்கூட இந்தக் கட்டடத்துல ஆள் இருக்காது, வெஸ். யாராவது ஒருத்தர் இருக்கணும். நான் இருக்கேன்."

"இருந்து?"

"இருந்து பாக்குறேன். நீ போயி நல்லா சம்பாதி."

வெஸ் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு. மற்ற மூவரில் ஒருவர் ஓய்வு பெற்றார், இருவர் கடற்கரை நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வரைபட அறை சந்திப்பு அறையாகி, சுவரில் வெள்ளைப் பலகை ஏறியது. பழைய வரைபடங்கள் இருந்த இரும்புப் பெட்டிகளைப் பணிமனைக்குத் தள்ளச் சொன்னார்கள். கார்மல் அவற்றைத் தன் சிறிய அறையின் இரண்டு சுவர்களையும் அடைத்து அடுக்கிக்கொண்டாள். நாற்காலியைத் திருப்ப இடமில்லாமல் போயிற்று. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

பிறகு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது.

வரைபட வேலையை எடுத்த பிரிஸ்பேன் நிறுவனத்திலிருந்து பெரும்பாலும் பேசியவள் பிரியோனி என்ற பொறியாளர். மரியாதையான பெண், கெட்டிக்காரியும்கூட. ஒரே சமயத்தில் ஏழு கவுன்சில்களின் வேலை அவள் தலையில் இருந்தது.

"கார்மல், மன்னிச்சுக்கங்க, இன்னும் ஒரே ஒரு கேள்வி. இந்த நோலன் ரோடு கிராசிங்ல தண்ணி கிழக்கேருந்து வருதா, மேற்கேருந்தா? எங்க மேப்புல மேற்குன்னு காட்டுது."

"மேப்பு பழசும்மா. தொண்ணூத்தொண்ணுல விவசாயிங்க வாய்க்கால மாத்திட்டாங்க. இப்போ கிழக்கு. கரும்பு ரயில் கரை மேல முட்டிட்டுத் திரும்பி வரும்."

"அத ஒரு மெயில்ல எழுதி அனுப்பிட முடியுமா?"

அனுப்புவாள். வாரத்துக்கு மூன்று, நான்கு அழைப்பு. நோலன் சாலைக்கு மட்டும் பத்தொன்பது. முதல் மாதம் முடிந்தபோது கார்மல் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு அழைப்பையும் எழுதிவைக்கத் தொடங்கினாள். தேதி, கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். யாரையும் மாட்டிவிடுவதற்காக அல்ல. தான் என்ன வேலை செய்கிறோம் என்று தனக்கே தெரிய வேண்டும் என்பதற்காக. இன்னொரு முறை யாராவது வந்து 'ஒண்ணுமே இல்லாத வாரம் என்ன செய்வீங்க' என்று கேட்டால் கையில் பதில் இருக்குமே.

பதினான்கு மாதத்தில் நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் ஏறின.

2018 மே மாதத்தில் நோலன் சாலைச் சிறுபாலத்துக்கான நிறுவனத்தின் அறிக்கை வந்தது. தடித்த அட்டை, வழுவழுத் தாள், முதல் பக்கத்தில் எந்த ஊருடையதோ ஒரு பாலத்தின் படம். கார்மல் அதை வாசித்துக்கொண்டே வந்தவள் பதினான்காம் பக்கத்தில் நின்றாள். அவளுடைய மின்னஞ்சல் அங்கே அப்படியே கிடந்தது. வாக்கியம் மாறவில்லை. 'வெள்ள நீர் முதலில் நாய் செத்த பள்ளத்தில் தேங்கி, பின்பு சாலையைக் கடக்கிறது.'

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாய் செத்த பள்ளம் என்று எந்த வரைபடத்திலும் ஒரு பள்ளம் கிடையாது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டு நாய் பாம்பு கடித்து அங்கே செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து வெல்லா வீட்டில் மட்டும் புழங்குகிற பெயர் அது. மதியச் சாப்பாட்டு அவசரத்தில் அடித்த மின்னஞ்சலில் கை தானாக எழுதியிருக்கிறது.

சிரிப்பு அடுத்த பக்கத்தில் நின்றுபோனது. 2011 வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் சாலைக்கு மேல் அறுபது சென்டிமீட்டர் நின்றதாக அறிக்கை சொன்னது. அதுவும் அவள் எழுதியதுதான். ஆனால் அறுபதா? உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக நோலன் சாலைக்குப் போனாள். சாலையை ஒட்டி கசார் என்ற விவசாயியின் பம்ப் கொட்டகை இருக்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் அவர் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். கார்மல் சாலை மட்டத்திலிருந்து அளவு நாடாவைப் பிடித்தாள். தொண்ணூறு.

இரண்டாம் முறையும் பிடித்தாள். தொண்ணூறுதான். ஞாபகத்திலிருந்து எழுதியதில் அவள் தவறியிருந்தாள். அந்த அறுபதை வைத்து அவர்கள் சிறுபாலத்துக்கு மூன்று வாய் போதும் என்று வரைந்திருந்தார்கள். ஐந்து வேண்டும்.

அன்று மாலை கிளைவ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கார்மல் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"திருத்தி ஒரு மெயில் போட்டா முடிஞ்சுதே," என்றான்.

"போட்டுட்டேன். வந்த உடனே மொத வேலையா பிரியோனிக்குப் போட்டேன். விஷயம் அது இல்ல. நான் எழுதினது தப்பா சரியான்னு பாக்க அங்கேருந்து ஒரு ஆளும் வரலையே, கிளைவ். வெஸ் இருந்திருந்தா நான் அறுபதுன்னு சொன்ன உடனே, போ பாஸ், உனக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொல்லியிருப்பான். நான் கவுன்சில் கூட்டத்துல பேசப்போறேன்."

"உன் தப்ப நீயே போய் சபையில சொல்லுவியா? வேலையே போயிடும்."

"அத மறைச்சுட்டு மத்தத எந்த மூஞ்சியோட சொல்றது?"

கிளைவ் ஒரு உருளைக்கிழங்கை முழுதாக உரித்து முடித்தான். "சரி. அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போ. அதுல நீ போலீஸ்காரி மாதிரி இருப்ப."

ஆனால் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்வது அவள் வழக்கமில்லை. முதலில் டெஸ்மண்ட் லைலின் அறைக்குப் போய் அறிக்கையையும் நோட்டையும் மேசைமேல் வைத்தாள். அவர் அரைமணி நேரம் புரட்டினார்.

"இத அவங்ககிட்ட சொல்லித் திருத்தி வாங்கிக்கலாம், கார்மல். கூட்டம் வரைக்கும் போகணுமா?"

"இந்த ஒண்ணத் திருத்திக்கலாம். நோட்டுல இருநூத்திப் பன்னெண்டு இருக்கு. அதுல எத்தனை தப்பா சொன்னேன்னு எனக்கே தெரியாது. பாத்து சொல்ல ஆள் இல்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த ஏற்பாட்டக் கொண்டுவந்தவன் நான்."

"தெரியும். அதனாலதான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன்."

அவர் நினைத்திருந்தால் நோட்டை இழுப்பறைக்குள் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. கூட்ட நிகழ்ச்சி நிரலில் தன் கையாலேயே அவளுக்குப் பத்து நிமிடம் எழுதினார்.

ஜூன் மாதம், புதன்கிழமை காலை ஒன்பதரை. மேயரையும் சேர்த்து ஏழு கவுன்சிலர்கள். மேயர் நெவ் ஹவுஸ்லர் தலைமை இருக்கையில். அவரும் கரும்பு விவசாயிதான், கார்மலின் அப்பாவுக்குப் பக்கத்து நிலத்துக்காரர். கார்மல் நீலச் சட்டையில் எழுந்து நின்றாள். தன் மின்னஞ்சலை ஒரு வரி வாசித்தாள். பிறகு அறிக்கையிலிருந்து ஒரு வரி. மறுபடி மின்னஞ்சல், மறுபடி அறிக்கை. மூன்றாவது ஜோடி வரும்போதே இரண்டு கவுன்சிலர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். நாலாவதுதான் பள்ளம்.

"இரு, இரு," என்றார் மேயர். "நாய் செத்த பள்ளமா? அறுபத்துநாலு வருஷமா நான் இந்த ஊர்ல இருக்கேன். அது எங்க இருக்கு?"

"எங்க வீட்டுல இருக்கு, நெவ். எங்க ரஸ்ட்டி அங்கதான் செத்துச்சு. எங்க வீட்டு ஆளுங்களத் தவிர யாருக்கும் அந்தப் பேரு தெரியாது. இனி அரசாங்கத்துக்கும் தெரியப்போகுது, அடுத்த மாசம் இந்த அறிக்கை அங்கயும் போகுது."

சபை சிரித்தது. மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரஸ்ட்டி என் கோழியில பாதியத் தின்ன நாய். அதுக்குப் போயி இவ்வளவு மரியாதை."

சிரிப்பு அடங்கும்வரை கார்மல் காத்திருந்தாள். பிறகு அறுபதையும் தொண்ணூறையும் சொன்னாள். எழுதியது தான்தான் என்பதையும் சொன்னாள். மூடிய வரைபட அறையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று கேட்டாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கவுன்சிலர் ஷர்லீன் காப் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வரைபட அறையை மூடுவதற்கு முதலில் கை தூக்கியவர் அவர்.

"அப்போ தப்பு உங்களோடது. நிறுவனத்தோடது இல்லையே?"

"என்னோடதுதான், ஷர்லீன்."

"தப்பு செஞ்ச நீங்களே வந்து, உங்க அறையத் திரும்பக் குடுங்கன்னு கேக்குறீங்க."

"ஆமா. மருந்துச் சீட்டப் பாத்து மருந்து எடுத்துக் குடுக்கிற ஆள் ஒருத்தர், சரியான்னு பாக்கிற ஆள் இன்னொருத்தர்னு உங்க கடையில ரெண்டு பேர் இருக்காங்கல்ல? எடுத்துக் குடுக்கிறவங்க மோசமானவங்கங்கிறதாலயா அப்படி வெச்சிருக்கீங்க? எல்லாருக்கும் ஒரு நாள் கை தவறும். எனக்கும் தவறிச்சு. என் பதில நானே கேட்டு, நானே படிச்சு, நானே கையெழுத்துப் போட்டு வாங்குற மாதிரி இப்போ ஏற்பாடு இருக்கு. நடுவுல பிரிஸ்பேன் போயிட்டு வருது, அவ்வளவுதான்."

ஷர்லீன் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

மூன்று பணியிடங்களை இரண்டு வருடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது, பிறகு பார்த்து முடிவு செய்வது என்று தீர்மானம் வந்தது. நாலுக்கு மூன்று என்று நிறைவேறியது. ஷர்லீன் எதிர்த்துத்தான் கை தூக்கினார். வெளியே வரும்போது கார்மலிடம் வந்து, "நீங்க சொன்னது நியாயம். ரெண்டு வருஷத்துல நிரூபிங்க, அப்புறம் தூக்குறேன்," என்றார்.

விளம்பரம் வெளியாகும் முன்பே கார்மல் வெஸ்ஸின் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை. அவன் முற்றத்தில் படகைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வா பாஸ். படகு இருக்குறவங்க எல்லாம் இப்போ ஒரே சாதி," என்றான்.

"நக்கல் போதும். சர்வேயர் வேலை ஒண்ணு வருது. விண்ணப்பம் போடு."

"சுரங்கத்துல குடுக்கிறதுல பாதிதான் குடுப்பீங்க."

"பாதிக்குக் கொஞ்சம் மேல."

"எதுக்கு வரணும் நான்? தூக்கிப் போட்ட இடத்துக்கு."

கார்மல் படகின் விளிம்பில் சாய்ந்தாள். "போன வாரம் உன் மகள் கால்பந்து ஆடினா. நான் பாத்தேன். நீ எங்க இருந்த?"

வெஸ் குழாயை மூடினான். கேள்வி எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டிவிட்டது என்று கார்மலுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அவள் ஒரு சொல் கூட்டவில்லை.

"ஒரு கண்டிஷன்," என்றான் கடைசியில். "கலர் கலரா சீட்டு குடுத்து, உங்க மனசுல உள்ளத எழுதிச் சுவத்துல ஒட்டுங்கன்னு சொல்ற கூட்டத்துக்கு என்னக் கூப்பிடக் கூடாது."

"எனக்கே அதுல போக இஷ்டமில்ல."

"அப்புறம் அந்த அறுபது. அந்த எடத்துல தண்ணி என் இடுப்பு வரைக்கும் இருந்துச்சு பாஸ். நீ கண்ணாடி மாத்தணும்."

அவன் ஆகஸ்டில் வந்து சேர்ந்தான். மற்ற இரண்டு இடங்களுக்குப் பதினோரு பேர் போட்டிபோட்டார்கள். டௌன்ஸ்வில்லிலிருந்து ஒரு வரைவாளரும், கைக்குழந்தைக்காகப் பெரிய நிறுவனத்தை விட்டுவந்த ஒரு பொறியாளரும் கிடைத்தார்கள். சந்திப்பு அறையின் வெள்ளைப் பலகை இறங்கியது. நோலன் சாலைக்கு ஐந்து வாய் வைத்த சிறுபாலத்தை அந்த நாலு பேர் வரைந்தார்கள், கவுன்சில் ஆட்களே கட்டினார்கள். 2020 பிப்ரவரி மழையில் சாலை மூழ்காமல் இருந்தது என்று சொன்னால் பொய். மூழ்கியது. ஆனால் முன்பெல்லாம் மூன்று நாள் அடைபட்டுக் கிடந்த சாலை, மூழ்கிய அன்றே மதியத்துக்குள் திறந்துவிட்டது. கரையும் பெயரவில்லை. அந்த ஜூனில் பணியிடங்களை நிரந்தரமாக்கும் தீர்மானத்துக்கு ஷர்லீன் காப் கை தூக்கினார்.

வெளி நிறுவனங்கள் அதோடு ஒழிந்துபோய்விடவில்லை. ஒழிய வேண்டும் என்று கார்மல் ஒருநாளும் நினைத்ததில்லை. போன வருடம் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பாலம் வந்தபோது, "இது நம்மால முடியாது, நல்ல ஆளாப் பாத்துக் கூப்பிடுங்க," என்று முதலில் சொன்னவளே அவள்தான். ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளர் யாரோ, அவரே நேரில் வந்து, கவுன்சில் சர்வேயரோடு அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும். டெஸ்மண்ட் லைல் அந்த வரியைப் படித்துவிட்டு எல்லா ஒப்பந்தங்களிலும் அதைப் போடச் சொல்லிவிட்டார்.

அப்படி முதலில் வந்தவர் ஐம்பது வயது மனிதர், நல்ல பாலிஷ் போட்ட காலணியோடு வந்து இறங்கினார். ஆற்றங்கரைச் சேறு முழங்கால் வரை இருந்தது. வெஸ் கார்மலைப் பார்த்தான். கார்மல் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்து நீட்டினாள்.

"உங்க அளவு என்ன?"

"பத்து."

"இது பதினொண்ணு. சமாளிச்சுக்குவீங்க," என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் இறங்கி நடந்தாள்.